விற்று வளர்த்த பிள்ளை: மலாய்க் குடும்பங்களில் குழந்தைகள் வளரும் விதம்

"பிள்ளை செத்தாலும் சாகட்டும், வழக்கம் சாகக் கூடாது" என்று மலாய் மொழியில் ஒரு பழமொழி உண்டு.

கேட்கவே கொடுமையாக இருக்கிறது அல்லவா? ஆனால் மலாய்க்காரர் வீட்டில் குழந்தை வளரும் விதத்தைப் பார்த்தால், பழமொழி ஒரு பக்கம், வாழ்க்கை மறு பக்கம் என்பது விளங்கும். அவர்களுடைய பழைய வழக்கங்களில் பல, பிள்ளை சாகாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையில் பிறந்தவை!

இதற்குச் சாட்சி சொல்ல ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் அப்துல்லா. 1796-ம் ஆண்டு மலாக்கா நகரில் பிறந்தவர். பிற்காலத்தில் "முன்ஷி அப்துல்லா" என்று புகழ் பெற்றார். முன்ஷி என்றால் மொழி கற்பிக்கும் ஆசிரியர்.

தம்முடைய வாழ்க்கை வரலாற்றைத் தாமே மலாய் மொழியில் எழுதினார். அந்தப் புத்தகம் 1849-ல் சிங்கப்பூரில் அச்சாகி வெளிவந்தது. ராஜாக்களின் கதைகளையும் வீரர்களின் கதைகளையும் படித்துவந்த மக்களுக்கு, ஒரு சாதாரண மனிதர் தாம் பிறந்ததையும், படித்ததையும், அடிபட்டதையும் எழுதியது புதுமையாக இருந்தது.

இன்னொரு செய்தி நம்மவர்களுக்கு ஆச்சரியம் தரும். அவருடைய கொள்ளுப்பாட்டனார் ஏமன் நாட்டு அரபுக்காரர். அவர் நம் நாகூருக்கு வந்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். அவருடைய மகன்களில் ஒருவர் மலாக்காவுக்குப் போய் ஒரு பெண்ணை மணந்தார். அந்தப் பெண்ணின் பெயர் "பேரி ஆச்சி" என்று புத்தகத்தில் இருக்கிறது. நம் காதுக்குப் "பெரியாச்சி" என்றே கேட்கிறது! அந்த அம்மாளின் பேரன்தான் அப்துல்லா. உடம்பில் தமிழ் ரத்தமும் அரபு ரத்தமும். நாவில் மலாய் மொழி.

சிறு காசுக்கு விற்றார்கள்!

அப்துல்லாவுக்கு முன்னால் அவருடைய தாயாருக்கு நான்கு ஆண் குழந்தைகள் பிறந்தன. நான்கும் சிறு வயதிலேயே இறந்துவிட்டன. அந்தத் தாய் எப்படித் துடித்திருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்போது அரபு நாட்டுப் பெரியவர் ஒருவர் அந்த அம்மாளுக்கு ஆறுதல் கூறினார். "இனி ஆண் பிள்ளை பிறந்தால் என் பெயரையே வை" என்றார். அவர் பெயர் அப்துல்லா. அந்தப் பெயரே குழந்தைக்கும் வந்தது.

பெயர் வைத்தும் பயம் தீரவில்லை. ஐந்தாவது குழந்தைக்கும் அடிக்கடி நோய். அப்போது மலாக்காவில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த குழந்தையை, நிறையப் பிள்ளை பெற்றவர்களுக்கு விற்பது போல் விற்றுவிடுவார்கள். அவர்கள் பெயருக்குச் சிறு காசு கொடுப்பார்கள். அதன் பிறகு குழந்தை அவர்களுடைய பிள்ளை. வளர்ப்பது மட்டும் பெற்ற தாய்! அப்துல்லாவும் இப்படி விற்கப்பட்ட பிள்ளைதான்.

இதைப் படிக்கும்போது நம் ஊர்ப் பாட்டிமார்களுக்குச் சிரிப்பு வரும். தவிட்டுக்கு விற்பதும், குப்பையில் போட்டு எடுப்பதும், "குப்பன்", "பிச்சை" என்று பெயர் வைப்பதும் நமக்குத் தெரியாததா? கடல் கடந்தாலும் தாய்மாரின் பயம் ஒன்றுதான்.

44 நாள் பத்தியம்

மலாய் வீட்டில் குழந்தை பிறந்ததும், தகப்பனார் அதன் காதருகே குனிந்து பாங்கு சொல்வார். உலகத்தில் அந்தக் குழந்தை கேட்கும் முதல் சொல் இறைவனின் பெயராக இருக்க வேண்டும் என்பது நம்பிக்கை. நாவில் பேரீச்சம்பழச் சாறு அல்லது தேன் தடவுவது உண்டு.

பிள்ளை பெற்றவளுக்கு 44 நாள் பத்தியம். குளிர்ச்சியான பண்டம் எதுவும் கூடாது. மருத்துவச்சி வந்து உடம்பைப் பிடித்துவிடுவாள். கல்லைச் சூடாக்கி, துணியில் சுற்றி, வயிற்றில் ஒற்றடம் கொடுப்பாள். நீளமான துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டுவாள். இந்த நாட்களில் தாய்க்கு வீட்டு வேலை கிடையாது. தாயோ, மாமியாரோ, அக்காளோ வந்து அடுப்பைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஏழாம் நாள் தலைமுடி இறக்கும் சடங்கு. பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து குழந்தையின் முடியில் கொஞ்சம் கத்தரிப்பார்கள். அழகாகச் செதுக்கிய இளநீர்க் காய்க்குள் அந்த முடியைப் போடுவார்கள். முடியின் எடைக்குத் தக்கபடி வெள்ளியோ பொன்னோ கணக்கிட்டு ஏழைகளுக்குத் தர்மம் செய்வார்கள்.

பிறகு குழந்தை முதல் முதலாக மண்ணில் கால் வைப்பதற்கும் ஒரு விழா உண்டு. அதுவரை இடுப்பிலும் தொட்டிலிலும் இருந்த குழந்தை, ஊராரின் கண் முன்னால் பூமியை மிதிக்கும். சில ஊர்களில் தாம்பாளத்தில் பலவகைப் பொருள்களை வைத்து, எதை எடுக்கிறது என்று வேடிக்கை பார்ப்பார்கள்.

குடும்பப் பெயர் கிடையாது

மலாய்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயரோடு தகப்பனார் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆணாக இருந்தால் நடுவில் "பின்". பெண்ணாக இருந்தால் "பிந்தி". நாம் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைப் போடுகிறோமே, அதைப் போலத்தான்.

ஆனால் வீட்டுக்குள் அந்தப் பெயர் அதிகம் புழங்காது. பிறந்த வரிசைப்படிதான் கூப்பிடுவார்கள். மூத்தது "லோங்". நடுவில் உள்ளது "ஙா". கடைக்குட்டி "ஊசு". இவற்றுக்கு இடையிலும் பல பெயர்கள் உண்டு.

தகப்பனாரின் அண்ணன் மூத்தவராக இருந்தால் அவர் "பாக் லோங்". தாயின் கடைசித் தங்கை "மாக் ஊசு". நாம் பெரியப்பா வேறு, மாமா வேறு என்று தாய் வழி, தந்தை வழி பிரிக்கிறோம். அவர்கள் அப்படிப் பிரிப்பதில்லை. தாயின் மூத்த அண்ணனும் "பாக் லோங்"தான்!

இதில் ஒரு நன்மை இருக்கிறது. ஒருவரைக் கூப்பிடும்போதே அவர் வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. யாருக்கு எவ்வளவு மரியாதை என்பது புத்தகம் இல்லாமலே புரிந்துவிடுகிறது.

முதல் பாடம் வாசற்படியில்

பழைய மலாய் வீடு தரையில் நிற்காது. மரத் தூண்களின் மேல் நிற்கும். ஏறிப்போகப் படிகள் உண்டு. படியின் அடியில் ஒரு தண்ணீர் ஜாடி. அதன் மேல் ஒரு கொட்டாங்கச்சி அகப்பை. காலைக் கழுவிவிட்டுத்தான் படியேற வேண்டும். இதுதான் குழந்தையின் முதல் பாடம்.

மேலே போனால் பாய் விரித்திருக்கும். ஆண் பிள்ளை சம்மணம் போட்டு உட்கார வேண்டும். பெண் பிள்ளை இரண்டு கால்களையும் ஒரு பக்கமாக மடித்து உட்கார வேண்டும். பெரியவர்களுக்கு முன்னால் நடந்துபோக நேர்ந்தால், குனிந்து, வலது கையைத் தாழ நீட்டிக்கொண்டு போக வேண்டும். வெளியே போகும்போதும் வரும்போதும் பெரியவர்களின் கையைப் பிடித்து முத்தமிட வேண்டும்.

செய்யக் கூடாதவையும் பல உண்டு. தலையணை மேல் உட்காராதே, கட்டி வரும்! சமையல் அறையில் பாடாதே, கிழவனுக்கு வாழ்க்கைப்படுவாய்! இப்படிச் சொல்லி வைத்திருந்தார்கள். தலை வைக்கும் தலையணை அழுக்காகக் கூடாது, பாட்டுக் கவனத்தில் சோறு தீயக் கூடாது என்று சொன்னால் குழந்தை கேட்குமா? கிழவன் என்றால் கேட்கும்!

பாட்டியின் பள்ளிக்கூடம்

"மூங்கிலை வளைப்பதானால் குருத்திலேயே வளை" என்பது மலாய்ப் பழமொழி. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நாம் சொல்வதும் இதுதான்.

மலாய்ப் பிள்ளைகளுக்குப் படிப்பு என்றால் முதலில் குர்ஆன் ஓதுவது. அதற்குத் தனிக் கட்டடம் வேண்டியதில்லை. ஓதத் தெரிந்த ஒருவர் வீடே பள்ளிக்கூடம். மாலைத் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து அரபு எழுத்துக்களைக் கற்பார்கள். சம்பளம் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்கள். விறகு பிளந்து கொடுப்பார்கள்.

அப்துல்லா படித்த முதல் பள்ளி எது தெரியுமா? சொந்தப் பாட்டியின் பள்ளி! மலாக்காவில் கம்போங் பாலி என்ற இடத்தில் அந்த அம்மாள் பள்ளி நடத்தினார். ஏறக்குறைய 200 பிள்ளைகள் அங்கே படித்தார்கள். ஆண் பிள்ளைகளும் இருந்தார்கள். பெண் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இது 200 ஆண்டுகளுக்கு முந்திய செய்தி. ஒரு பெண்மணி தலைமை ஆசிரியை! அவரிடம் பெண் குழந்தைகளும் படித்தார்கள்! இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் இதைப் பற்றி மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

அங்கேயும் தோப்புக்கரணம்!

பள்ளிக்கூடம் என்றால் தண்டனை இல்லாமலா? அந்தக் காலத்து மலாக்காப் பள்ளிகளில் கொடுத்த தண்டனைகளை அப்துல்லா வரிசையாக எழுதியிருக்கிறார்.

விரல்களுக்கு இடையில் பிரம்பு வைத்து நெருக்குவார்கள். உள்ளங்காலில் அடிப்பார்கள். சங்கிலியில் மரக் கட்டையைப் பூட்டிச் சுமக்க வைப்பார்கள். புகை போட்டு மூச்சுத் திணற வைப்பதும் உண்டு.

இன்னொரு தண்டனை: வலது கையால் இடது காதையும், இடது கையால் வலது காதையும் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். நம் தோப்புக்கரணமேதான்!

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் இப்படித்தான் நடந்தது. கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத்தைப் பற்றித் தாத்தாமார்கள் கதை கதையாகச் சொன்னார்கள். பயந்து படித்தவர்கள் எத்தனை பேரோ, பயந்து ஓடியவர்களும் அத்தனை பேர் இருப்பார்கள்.

தப்பி நின்று ஓதி முடித்த பிள்ளைக்கு ஒரு பெரிய நாள் காத்திருக்கும். குர்ஆனை முழுவதும் ஓதி முடிக்கும் நாள் அது. பிள்ளைக்குப் புது உடை போட்டு, சபையில் உட்கார வைத்து, கடைசிப் பகுதியை ஓதச் சொல்வார்கள். மஞ்சள் சேர்த்துச் சமைத்த, ஒட்டும் அரிசிச் சோறு குவியலாக வரும். வந்தவர்களுக்குக் காகிதப் பூவோடு அவித்த முட்டை கொடுப்பார்கள். அன்று தாயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் அப்துல்லாவுக்கு ஒரு குறை இருந்தது. பிள்ளைகள் அரபு மொழியில் ஓதினார்கள், பொருள் புரியவில்லை. சொந்த மொழியான மலாயையோ யாரும் முறையாகக் கற்பிக்கவில்லை. தாய் மொழிதான் தானே வருமே, அதைப் படிப்பானேன் என்று மக்கள் இருந்தார்கள். இது தவறு என்று அப்துல்லா வாழ்நாள் முழுவதும் வாதாடினார்.

மலாக்காவில் தமிழ்ப் படிப்பு

அப்துல்லா படித்த இன்னொரு மொழி என்ன? தமிழ்! தகப்பனார் அவரைத் தமிழ் ஆசிரியரிடம் அனுப்பினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தமிழ் படித்தார்.

காரணம் வியாபாரம். அந்தக் காலத்து மலாக்காவில் தமிழ் வியாபாரிகள் செல்வாக்காக இருந்தார்கள். கணக்கு எழுதவும் கொடுக்கல் வாங்கல் பேசவும் தமிழ் தெரிய வேண்டும். அதனால் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கமாக இருந்ததென்று அவரே எழுதியிருக்கிறார்.

இந்தப் பழக்கத்தின் அடையாளம் இன்றும் மலாய் மொழியில் இருக்கிறது. நம் கடை அங்கே "கெடாய்"; கப்பல் "காப்பல்"; கட்டில் "காத்தில்"; பெட்டி "பெத்தி". கல்யாண வீட்டு மாப்பிள்ளை கூட "மெம்பெலாய்" என்று பெயர் மாறி அங்கே உட்கார்ந்திருக்கிறார்!

சிரிக்காத அப்பா

தமிழ்ப் படிப்பு முடிந்ததும் தகப்பனாரே வாத்தியார் ஆனார். அங்கேதான் கஷ்டம் தொடங்கியது.

தினமும் எழுத வேண்டும். மாலையில் தகப்பனார் வந்து பார்ப்பார். ஒரு எழுத்து தவறினாலும் வசைதான். சிரித்த முகம் கிடையாது. பாராட்டி ஒரு வார்த்தை கிடையாது. "அப்பாவுக்கு என்மேல் வெறுப்பு" என்றே பையன் நினைத்தான். தாய்தான் அணைத்து ஆறுதல் சொல்வாள்.

நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்து, ஐந்தாவதைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்த வீடு அது. அந்தத் தகப்பனாருக்கா பிள்ளைமேல் வெறுப்பு? "பிள்ளைமேல் அன்பிருந்தால் கையை ஓங்கு" என்பது மலாய்ப் பழமொழி. அன்பைக் காட்டினால் பிள்ளை கெட்டுவிடும் என்று பயந்தார் அவர். அந்தப் பயம் பையனுக்கு எப்படித் தெரியும்?

ஒரு நாள் கப்பல் தலைவன் ஒருவன் வீடு தேடி வந்தான். கடன் பத்திரம் ஒன்று எழுத வேண்டும். அதை எழுதும் தகப்பனார் வீட்டில் இல்லை. "நான் எழுதித் தரட்டுமா?" என்று பையன் கேட்டான். எழுதியும் கொடுத்தான். கப்பல் தலைவன் கையெழுத்துப் போடும் நேரத்தில் தகப்பனார் உள்ளே வந்துவிட்டார்!

என்ன ஆகுமோ என்று பையன் நடுங்கினான். தகப்பனார் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் முதல் முதலாகச் சிரிப்பு வந்தது! கப்பல் தலைவன் மகிழ்ந்து பையனுக்கு ஒரு வெள்ளி நாணயம் கொடுத்தான். பத்திரம் எழுதும் வேலையைத் தகப்பனார் பிள்ளையிடமே விட்டார்.

அடியும் வசையும் பட்ட நாட்களை எல்லாம் எழுதிய அப்துல்லா, இந்த ஒரு நாளையும் மறக்காமல் எழுதினார். வயதான பிறகு அந்தக் கண்டிப்புக்குத் தகப்பனாருக்கு நன்றியும் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால், ஒரு சிறுவன் "அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்று ஏங்கியிருக்க வேண்டாம் அல்லவா?

பிறகு மலாக்காக் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு அப்துல்லா பாடம் சொன்னார். அவர்கள் வைத்த பெயர்தான் "முன்ஷி". ஆங்கில அதிகாரி ராபிள்ஸிடம் எழுத்தராக இருந்தார். வெள்ளைக்காரர் பலருக்கு மலாய் கற்பித்தார். 1854-ல் மெக்கா யாத்திரை சென்ற இடத்தில் காலமானார்.

பெண்ணுக்கு எதற்குப் படிப்பு?

பாட்டியின் பள்ளியை நினைவில் வைத்திருக்கிறீர்களா? பெண் குழந்தைகள் ஓதப் போவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் சர்க்கார் பள்ளிகள் வந்தபோது, பல தகப்பனார்கள் பெண்ணை அனுப்ப மறுத்தார்கள். "எழுதக் கற்றால் காதல் கடிதம் எழுதுவாள்" என்றார்கள். நம் ஊரிலும் கேட்ட பேச்சுத்தான்.

ஆண் பிள்ளைகளுக்கும் பெரிய படிப்புக் கிடைக்கவில்லை. உழவன் மகன் நல்ல உழவனாகவும், மீனவன் மகன் நல்ல மீனவனாகவும் இருந்தால் போதும் என்று ஆங்கில அதிகாரிகள் நினைத்தார்கள். 1922-ல் தஞ்சோங் மாலிமில் மலாய் ஆசிரியர்களுக்குக் கல்லூரி வந்தது. பெண் ஆசிரியைகளுக்கு 1935-ல்தான் பயிற்சிக் கல்லூரி வந்தது. வந்த இடம் எது? பாட்டி பள்ளி நடத்திய அதே மலாக்கா!

அதே மலாக்காவில் 1903-ல் பிறந்தவர் ஜைனுன் சுலைமான். மக்கள் அவரை "இபு ஜைன்" என்று அழைத்தார்கள். இபு என்றால் அம்மா. படித்து ஆசிரியை ஆனார். 1929-ல் ஜொகூரில் மலாய் ஆசிரியைகளுக்குச் சங்கம் தொடங்கினார். 1930-ல் பெண்களுக்காகப் பத்திரிகை நடத்தினார். 1959-ல் பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். 1989-ல் காலமானார். அவருடைய மகள் அடிபா அமீன் எழுத்தாளராகப் பெயர் பெற்றார். பெண் எழுதினால் என்ன ஆகும் என்று பயந்தவர்களுக்கு இதுவே பதில்!

இன்று

இன்று மலேசியாவில் தொடக்கக் கல்வி கட்டாயம். 2003-ம் ஆண்டு முதல் இது சட்டம். தூண் மேல் நின்ற மர வீடுகள் குறைந்து, மலாய்க் குடும்பங்கள் பலவும் நகரத்து அடுக்கு வீடுகளுக்கு வந்துவிட்டன. பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. பிள்ளையை விற்கும் பயம் இல்லை. மருந்தும் தடுப்பூசியும் அந்தப் பயத்தை ஓட்டிவிட்டன.

ஆனால் 44 நாள் பத்தியத்தைப் பலர் இன்னும் விடவில்லை. வேலைக்குப் போகும் பெண்களும் கூடியவரை கடைப்பிடிக்கிறார்கள். மாலையில் பிள்ளைகள் ஓதப் போகிறார்கள். லோங்கும் ஙாவும் ஊசுவும் அடுக்கு வீட்டிலும் இருக்கிறார்கள்.

நோன்புப் பெருநாள் வந்தால் நகரமே காலியாகிவிடும். எல்லோரும் சொந்தக் கிராமத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அன்று காலையில் பிள்ளைகள் தாய் தகப்பன் முன்னால் மண்டியிட்டு, அவர்கள் கையை முத்தமிட்டு, ஆண்டு முழுவதும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்பார்கள். தலை நரைத்த மகனும் கேட்பான். அன்று பெரியவர்கள் கண் கலங்குவார்கள், தலையைத் தடவுவார்கள், கண்டிப்பான தகப்பனாரும் கட்டி அணைத்துக்கொள்வார்.

அப்படி அணைத்துக்கொள்ளப் பெருநாள்வரை காத்திருக்க வேண்டுமா? நம் வீட்டிலும் நாளைக் காலை பள்ளிக்கூடம் புறப்படும் பிள்ளை ஒன்று இருக்கும். அது எழுதியதை வாங்கிப் பாருங்கள். நன்றாக இருந்தால், நன்றாக இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லுங்கள்!